கோலா வந்த கோடை

ஏப்ரல் 15 பிறந்தால் நாகப்பட்டினத்தில் சமையல் மாறிவிடும். அன்று முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரை நெடுக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் பருவம் என்பதால் போட்ட தடை. தமிழ்நாட்டில் 2001-ல் இது தொடங்கியபோது 45 நாளாக இருந்தது. 2017-லிருந்து 61 நாளாகிவிட்டது. அந்த இரண்டு மாதமும் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் கடுவையாற்றுத் தண்ணீரே கண்ணில் படாது. அவ்வளவு நெருக்கமாகப் படகுகள் நிற்கும். ஒரு பக்கம் பலகை மாற்றுவார்கள், ஒரு பக்கம் பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைக் கழற்றிப் போட்டு வேலை பார்ப்பார்கள். ஏலம் நடக்கும் கூடத்தில் நாய்கள் நிம்மதியாகப் படுத்திருக்கும்.

சந்தைக்கு அப்போது மீன் இரண்டு வழியாக வரும். ஒன்று, கேரளாவிலிருந்து லாரியில் வரும் ஐஸ் மீன். வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போயிருக்கும், செவுளைத் தூக்கிப் பார்த்தால் வெளிறிக் கிடக்கும். இன்னொன்று, தடையில் வராத நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கொண்டுவந்து போடுவது: மத்தி, காரல், கிழங்கான், நண்டு, பொடிமீன். என்னைப் போல வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து இதை மீன் இல்லாத காலம் என்று பேசிக்கொள்வோம். உள்ளூர்க்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு இது கோலா சீசன்.

நான் பிறந்து வளர்ந்தது கொளத்தூர் பக்கம், மேட்டூர் அணையின் மேற்குக் கரையில். அப்பா அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்தவர். சாயங்காலம் வலை விட்டுவிட்டு வந்து, விடிவதற்கு முன்னால் போய் எடுப்பார். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி, ஆரால், என்றைக்காவது ஒரு பெரிய வாளை. எங்கள் வீட்டில் மீன் என்றாலே அணை மீன்தான். சேற்று வாடை போகக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசுவது, கெளுத்தியின் வழவழப்பு போகச் சாம்பல் தேய்ப்பது, ஆராலைப் பிடிக்கும்போது முதுகு முள் கையில் ஏறாமல் பிடிப்பது எல்லாம் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே எனக்குக் கைவந்துவிட்டது. கடல் மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊர்ச் சந்தைக்குக் கருவாடாக வந்தது மட்டும்தான் நாங்கள் பார்த்த கடல்.

அதனால் நாகைக்கு வந்த பிறகும் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று பழகிய பெயர்களோடு நின்றுகொண்டேன். ஊரில் கட்லாவுக்கு வைக்கிற குழம்பையே அவற்றுக்கும் வைத்தேன். கொத்தமல்லி, மிளகாய், சோம்பு, தேங்காய் எல்லாம் வறுத்து அரைத்துக் கெட்டியாக வைப்பது எங்கள் பக்கத்துக் குழம்பு. அது நல்ல குழம்புதான். எந்த மீனைப் போட்டாலும் குழம்புதான் ருசிக்கும்.

அந்த மே மாதம் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அணையில் தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டன என்று வந்ததும் வராததுமாக அப்பா சொன்னார். 1934-ல் அணை கட்டி முடித்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அவை. அவை தலைகாட்டினால் மீன்பிடி மந்தம் என்று அந்தப் பக்கத்தில் கணக்கு. பேத்தியோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று கிளம்பி வந்திருந்தார். அம்மா இரண்டு பை நிறையக் கேழ்வரகு மாவும் நாட்டுத் தக்காளியும் கொண்டுவந்திருந்தார்.

அப்பாவுக்குக் கடல் மீன் பிடிக்காது. கவிச்சி என்பார். முன்னொரு முறை வந்திருந்தபோது பெருமையாக வஞ்சிரம் வறுத்துப் போட்டேன். மரியாதைக்காக ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, “முள்ளே இல்லாம என்ன மீனு கண்ணு, பஞ்சாட்ட இருக்குது” என்றார். அப்பாவுக்கு முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டும். மிர்கால் வால் பக்கத்துத் துண்டை வாயில் போட்டு, பேச்சை நிறுத்தாமலே முள்ளை ஒவ்வொன்றாக உதட்டோரம் கொண்டுவந்து எடுத்துவைக்கிற ஆள்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு வீடு சுனாமி குடியிருப்பில். வழக்கமாகக் காலையில் வருபவர், அன்றைக்குச் சாயங்காலம் வந்தார். கோலாவுக்குப் போன படகு கரைக்கு எப்போது திரும்பும் என்று நேரம் கிடையாது, இரண்டு ராத்திரி கடலில் தங்கிவிட்டு மத்தியானம்தான் வந்தது என்றார். அன்னக்கூடையை வாசலில் இறக்கி, மேலே மூடியிருந்த ஈரச் சாக்கை விலக்கினார். உள்ளே ஒரே அளவில், ஒரே நிறத்தில் மீன்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். முதுகு கருநீலம், வயிறு பளபளவென்று வெள்ளை.

“கோலா. பறக்குமே, அது. வாங்கிக்க தங்கச்சி. இன்னைக்கு விட்டா எப்ப வரும்னு தெரியாது.”

அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். கேட்காமல் ஒரு மீனை எடுத்தார். முதலில் செவுளைத் தூக்கிப் பார்த்தார், நல்ல சிவப்பு. பிறகு பக்கவாட்டில் உடம்போடு ஒட்டியிருந்த துடுப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெதுவாக இழுத்தார். அது விரிந்துகொண்டே போனது. விசிறி போல, நரம்பு நரம்பாக, நரம்புகளுக்கு நடுவே கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய சவ்வோடு, ஏறக்குறைய வால் வரைக்கும் நீண்டது. விட்டதும் மடங்கித் தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டது. அப்பா மறுபடி இழுத்தார், மறுபடி விட்டார். வாலைப் பார்த்தார். வாலின் கீழ்ப்பாதி மேல்பாதியைவிட நீளமாக இருந்தது. “இது எதுக்கு இப்படி இருக்குது?” என்று அக்காவைக் கேட்டார்.

“அதாலதான் தண்ணிய அடிச்சுக்கிட்டே எழும்பும் அண்ணே.”

அக்கா சொன்னது அப்படியே சரி. கோலா சிறகை அடித்துப் பறப்பதில்லை. தண்ணீருக்குள் வேகமெடுத்து வந்து, உடம்பை மேலே தூக்கிக்கொண்டு, வாலின் அந்த நீண்ட கீழ்ப்பாதியை மட்டும் தண்ணீரில் வைத்து நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் அடிக்கும். அந்த உந்துதலில் மேலெழும்பி, துடுப்பை விரித்துக் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும். வேகம் குறைந்து இறங்கும்போது வாலைத் தண்ணீரில் தொட்டு அடித்து மறுபடியும் எழும்பிக்கொள்ளும். 2008-ல் ஜப்பானியத் தொலைக்காட்சிக் குழு ஒன்று படகிலிருந்து படம் பிடித்த கோலா 45 நொடி கீழே இறங்கவில்லை. கீழே சூரை மாதிரிப் பெரிய மீன்கள் துரத்துவதால்தான் இத்தனை பாடும்.

நான் ஒரு கூறு கேட்டேன். அக்கா மேலே இரண்டு மீன் சேர்த்துப் போட்டார். அப்போதுதான் கேட்டேன், உங்கள் வீட்டில் இதை எப்படி வைப்பீர்கள் என்று. புது மீன் வாங்கும்போது நான் கேட்கிற ஒரே கேள்வி இன்றைக்கு வரைக்கும் இதுதான். எப்படிச் சமைக்கலாம் என்று கேட்டால் குழம்பு வைக்கலாம், வறுக்கலாம் என்று எல்லா மீனுக்கும் பொதுவான பதில்தான் வரும். உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டால் ஆள் உட்கார்ந்துவிடுவார். அக்காவும் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரிவாள்மனை கொண்டுவா என்றார்.

இறக்கையை அடியோடு நறுக்கச் சொன்னார். நுனியை மட்டும் வெட்டினால் அடியில் இருக்கும் சின்ன முள்ளெல்லாம் சதையிலேயே தங்கி, சாப்பிடும்போது தொண்டையில் ஏறும். இறக்கை புறப்படும் இடத்தில் சாய்வாக ஒரு வெட்டு, ஒரு சின்ன முக்கோணமாகச் சதையோடு எடுத்துவிட வேண்டும். செதில் பெரிது, ஆனால் பிடிமானம் இல்லாதது. கத்தியின் பின்பக்கத்தால் வாலிலிருந்து தலைக்கு ஒரு இழுப்பு இழுத்தால் உதிர்ந்துவிடும். வயிற்றைக் கீறும்போது ஆழமாகப் போகக் கூடாது. சீசனில் வருவதில் சினை இருக்கும், கத்தி பட்டால் உடைந்துவிடும். அவர் கீறிய முதல் மீனில் இருந்தது. சதை லேசான சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு. விரலால் அமுக்கினால் திரும்ப எழும்பியது. நான் முகர்ந்து பார்த்தேன். கவிச்சி இல்லை, உப்புத் தண்ணீரின் வாசம் மட்டும் இருந்தது.

“கொழுப்பு கிடையாது இதுல. அதனால ரொம்ப நேரம் அடுப்புல வெச்சன்னா சக்கையாப் போயிடும். தேங்கா அரைச்சு ஊத்தாத, மீன் ருசி தெரியாது. புளியக் கொறைச்சுக்க, மாங்காப் போடு. கொழம்பு நல்லா கொதிச்சு எண்ணெ பிரிஞ்சப்பறம் மீனப் போட்டு ரெண்டே கொதி. எறக்கி மூடி வெச்சுடு. அந்தச் சூட்டுலயே வெந்துடும்.”

பாதி மீனைப் புட்டு வைக்கச் சொன்னார். சுறாவுக்குச் செய்வது போலத்தான், ஆனால் இதில் முள் எடுப்பதற்குப் பொறுமை வேண்டும் என்றார். சினையைத் தனியாக எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு, வேகும்போது உடையாமல் இருக்கச் சட்டியில் வாழை இலைத் துண்டைப் போட்டு அதன்மேல் வை என்றார்.

நாங்கள் எங்கள் ஊர் மீன் என்று சொல்லிக்கொள்கிறவையும் ஒரு காலத்தில் யாரோ முதல்முறையாகத் தயங்கித் தயங்கிச் சமைத்தவைதான். கட்லாவும் ரோகுவும் மிர்காலும் காவிரியில் பிறந்தவை அல்ல. கங்கைப் பக்கத்து ஆறுகளின் மீன்கள், கொண்டுவந்து விடப்பட்டவை. ஜிலேபி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து குளம் குட்டை அணை என்று எங்கும் பரவிவிட்டது. எங்கள் தாத்தா ஜிலேபியைத் தொட மாட்டாராம். கறுப்பாக, முதுகெல்லாம் முள்ளாக, இது என்ன மீன் என்று வலையிலிருந்து எடுத்துக் கரையில் வீசுவாராம். அப்பாவோ ஜிலேபி வறுவல் இருந்தால் இன்னொரு கரண்டி சோறு கேட்பவர். இதை நான் நினைத்துக்கொண்டேனே தவிர அப்பாவிடம் சொல்லவில்லை. கோலாவே அவரிடம் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழம்பை மண்சட்டியில் கூட்டினேன். நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், சோம்பு, கறிவேப்பிலை. சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, பூண்டு ஒரு முழுக் கட்டி. அம்மா கொண்டுவந்த நாட்டுத் தக்காளி குழைந்து கரைந்ததும் குழம்பு மிளகாய்த்தூள், உப்பு. நெல்லிக்காய் அளவுக்கும் குறைவாகவே புளி. கிளிமூக்கு மாங்காயைத் தோலோடு கீறிப் போட்டேன். தேங்காய்ப் பத்தையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த அம்மா, அரைக்க வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றதற்கு, தேங்காய் இல்லாத மீன் குழம்பா என்று என்னைப் பார்த்துவிட்டு, களி கிண்டப் போய்விட்டார். ராத்திரிக்கு அப்பாவுக்குக் களிதான். அம்மா வந்தால் எங்கள் எல்லோருக்கும் களிதான்.

எண்ணெய் ஓரத்தில் பிரிந்து சிவப்பாக மேலே வந்ததும் மீன் துண்டுகளைப் போட்டேன். முதல் கொதியில் சதையின் சாம்பல் நிறம் போய் வெள்ளையானது. இரண்டாவது கொதியில் அடுப்பை அணைத்து மூடினேன். மூடியைத் தூக்கிப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

புட்டுக்கு வைத்திருந்ததை மஞ்சள் போட்டு ஆவியில் வேகவைத்து, ஆறியதும் நானும் என் கணவரும் உட்கார்ந்து முள் எடுத்தோம். நடு முள் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஆனால் பக்கவாட்டில், முதுகை ஒட்டி, இறக்கை இருந்த இடத்தை ஒட்டி, தலைமுடி கனத்தில் எத்தனையோ முள். சதையை விரல் நுனியில் எடுத்து உதிர்த்து, கண்ணுக்குத் தெரியாததைத் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மகள் சாப்பிடப் போகிறாள் என்பதால் ஒருவர் உதிர்த்ததை இன்னொருவர் மறுபடி தடவிப் பார்த்தோம். முரல் மீனுக்கு நெருங்கிய சொந்தம் கோலா. இந்த முள் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். உதிர்த்த சதையைப் பிழிந்து, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் எல்லாம் பொடியாக நறுக்கி வதக்கியதில் போட்டு, மிளகுத்தூள் தூவி, உதிரி உதிரியாக வரும்வரை கிளறினேன். சினை வாழை இலையின் மேல் வெந்து இளமஞ்சளாகக் கட்டியிருந்தது.

அப்பா தட்டில் களி உருண்டை. நடுவில் குழி செய்து குழம்பை ஊற்றினேன். பக்கத்தில் ஒரு துண்டு மீன் வைத்தேன், நடுத்துண்டு. அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு வால் துண்டு கேட்டார். முதலில் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கினார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மீனைப் பிட்டார். சதை இழை இழையாகப் பிரிந்தது, உடையவில்லை. வாயில் போட்டார். தாடை கொஞ்சம் நின்றது. உதட்டோரத்தில் ஒரு முள் வந்தது. இன்னொன்று வந்தது. தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“இது மீனு” என்றார். இன்னொரு துண்டு கேட்டார்.

நான் சாப்பிட்டபோது எனக்குப் பட்டது வேறு. மாங்காயின் புளிப்பு முதலில் வந்து விலகியது, அதற்குப் பின்னால் மீனின் இனிப்பு வந்தது. ஆமாம், இனிப்புதான். வஞ்சிரத்தில் எண்ணெய்ச் சுவை இருக்கும், மத்தியில் அதைவிட அதிகமாக இருக்கும். அவை நாக்கில் படிந்து நிற்கும். கோலா படியவே இல்லை. வாய் சுத்தமாக இருந்தது, இன்னொரு வாய் கேட்டது. தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தால் இந்த இனிப்பு எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. அம்மாவும் அதைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். சட்டியில் ஒட்டியிருந்த மாங்காய்க் கொட்டையைக் களியில் தேய்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் புட்டு பிடித்துவிட்டது. இறக்கைகளைக் கழுவிக் காயவைத்துத் தரச் சொன்னாள்.

களியும் கோலாவும் சேர்ந்தது அன்றைக்குத் தற்செயல். ஆனால் உலகத்தின் அந்தக் கோடியில், கரீபியக் கடலின் பார்படோஸ் தீவில், இந்தக் குடும்பத்து மீன்தான் தேசிய மீன். அங்கே சோள மாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிண்டிய களியோடு அதைச் சாப்பிடுகிறார்கள்; அதுதான் அவர்களுடைய தேசிய உணவு. மீனை விற்பவர்களே முள்ளெடுத்துத் தருவது அங்கே ஒரு கைத்தொழில். இதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டு அம்மாவிடம் போனில் சொன்னபோது, “அவங்களுக்கும் களி தெரியுமா?” என்று கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார்.

சினையைப் பரிமாறியபோதுதான் அப்பாவின் முகம் மாறியது. ஒரு துண்டைக் கையில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். மணிகள் ஒன்றோடொன்று நூல் போட்டுக் கட்டியது மாதிரி பிணைந்திருந்தன. கோலா முட்டைக்கு அப்படி நூலிழைகள் உண்டு. கடலில் மிதக்கிற பாசி, தழை எதிலாவது அந்த இழையால் ஒட்டிக்கொள்ளும்.

“பெரிய படகையெல்லாம் நிறுத்தி வெச்சிருக்கறதே மீனு சினை போடட்டும்னுதானே? அப்பறம் இதைப் பிடிக்கறாங்களே?”

என்னிடம் பதில் இல்லை. அந்தத் துண்டை அவர் சாப்பிட்டார், வீணாக்குகிறவர் இல்லை. ஆனால் இரண்டாவது துண்டு வேண்டாம் என்றுவிட்டார். அணையில் வலை எடுக்கும்போது சினை முட்டிய மீன் உயிரோடு இருந்தால் அவர் விட்டுவிடுவது உண்டு. அதனால் வரும் நஷ்டத்தைப் பற்றி அம்மா பேசி நான் கேட்டிருக்கிறேன், அப்பா பேசி கேட்டதில்லை.

கோலா பிடிப்பதே அதன் முட்டையிடும் ஆசையை வைத்துத்தான். ஜேம்ஸ் ஹார்னெல் என்று ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்பு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்தார். இந்தக் கரையின் படகுகளையும் வலைகளையும் அவரைப் போல உட்கார்ந்து பார்த்து எழுதியவர்கள் குறைவு. இங்கே கிடைக்கிற ஒரு கோலா வகையை 1923-ல் முதன்முதலாக விவரித்து, அதற்குச் சோழமண்டலக் கரையின் பெயரையே வைத்தவர் அவர்தான். கோலாவுக்குப் போவதற்கென்றே அந்தக் காலத்தில் பெரிய கட்டுமரங்கள் இருந்தன. கோலாமரம் என்று அவற்றுக்குப் பெயர். ஆழ்கடலுக்குப் போய், இலையும் தழையுமாகக் கட்டிய கட்டுகளைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். முட்டையை ஒட்டிவைக்க இடம் தேடும் கோலாக்கள் கூட்டம் கூட்டமாகத் தழைக்குள் வந்து நுழையும். அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். இப்போது மரம் போய் ஃபைபர் வந்துவிட்டது, இன்ஜின் வந்துவிட்டது, செவுள்வலை வந்துவிட்டது. ஆனால் இரண்டு மூன்று ராத்திரி மறைப்பில்லாத படகில், மே மாத வெயிலில், குடிதண்ணீரை அளந்து குடித்துக்கொண்டு கிடக்கிற பாடு மாறவில்லை. அந்தப் பாட்டுக்கு நாங்கள் கொடுக்கிற விலை குறைவு என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. ஐஸில் கிடந்து வெளிறிய வஞ்சிரத்துக்கு ஆயிரம் கொடுக்கிறவர்கள் விடிகாலையில் பிடித்த கோலாவுக்குப் பேரம் பேசுகிறோம்.

மறுநாள் காலையில் அக்கா வந்தபோது அப்பா வாசலில் தயாராக இருந்தார். எப்படி இருந்தது என்று அக்கா என்னைக் கேட்டதற்கு அவரே பதில் சொன்னார். பிறகு கேள்வியெல்லாம் அவருடையது. வலை என்ன நூல், கண்ணி எவ்வளவு, தழைக்கட்டு இப்போதும் போடுகிறார்களா, என்ன தழை? அக்கா சிரித்துக்கொண்டே, வலைச் சங்கதியெல்லாம் என் மவனைத்தான் கேக்கணும் அண்ணே, சாயங்காலம் வரச் சொல்றேன் என்றார்.

வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். தைக்க வேண்டிய வலையையும் பைக்கில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். அப்பா வலையைத் திண்ணையில் விரித்துப் போட்டுக் கண்ணியில் விரலை விட்டுப் பார்த்தார். தங்கூசி தங்களுடையதைவிட மெல்லிசு என்றார். குஞ்சு மாட்டாது, நல்ல கண்ணி என்றார். அவருக்கு அதில் ஒரு நிம்மதி. பையன் வலையின் ஒரு பக்கத்தைத் தைக்க, பேசிக்கொண்டே அப்பா இன்னொரு பக்கத்தை எடுத்துக்கொண்டார். முடிச்சு இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா விஷயத்துக்கு வந்தார். “தழைக்கட்டுல முட்டை ஒட்டியிருக்குமே தம்பி, அத என்ன பண்ணுவீங்க?”

“சில பேர் கட்ட அவுத்துக் கடல்லயே போட்டுட்டு வந்துருவாங்க அய்யா. சில பேர் அடுத்த நடைக்கு ஆகும்னு கரைக்குக் கொண்டாந்துருவாங்க.”

“நீ?”

பையன் ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தான். “அப்பா இருந்தவரைக்கும் போட்டுட்டுத்தான் வருவோம். இப்ப கூட வர்றவங்க சொல்ற மாதிரி.”

“போட்டுட்டு வந்துரு. தழைக்கு என்ன பஞ்சம்? முட்டை தண்ணில கெடந்தா பொரிச்சுக்கும். கரைக்கு வந்தா காஞ்சு போயிரும்.”

“சொல்லிப் பாக்குறேன் அய்யா.” இரண்டு முடிச்சு போட்ட பிறகு அவனே சொன்னான்: “அடுத்த நடைக்கு நீங்களும் வாங்களேன். ரெண்டு ராத்திரிதான். கோலா எழும்புறத நேர்ல பாக்கலாம்.”

இந்த வயசுல கடலுக்கெல்லாம் வேண்டாம் என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அப்பா அதைக் காதில் வாங்காதவர் போல, எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க தம்பி என்று கேட்டார்.